சுகாதார போதனைக்குப் பரீக்ஷை

பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குச் சுகாதாரம் போதிக்க வேண்டும் என்பதை இன்று மறுப்பவர் எவருமில்லை. சர்க்கார் மறுக்கவில்லை; எதிர்க்கட்சிகள் மறுக்கவில்லை; உபாத்தியாயர்களும் பெற்றோர்களும் மறுக்கவில்லை. இவ்வாறு எல்லோரும் ஒருமுகமாக ஒப்புக்கொண்ட காரியங்களுக்கே நமது தேசத்தில் ஓர் ஆபத்து உண்டு. மறுப்பார் இல்லாததால் கேள்வி கேட்பாரும் இல்லாமற் போகிறார்கள். திட்டம் வகுக்கப்படுகிறது, சுற்றறிக்கை போகிறது, கைநூல் அச்சாகிறது, உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி நடக்கிறது, பிள்ளைகள் வரிசையில் நின்று உறுதிமொழி எடுத்துக் கொள்கிறார்கள். வருஷ முடிவில் இத்தனை பள்ளிகள், இத்தனை வகுப்புகள், இத்தனை பிள்ளைகள் என்று ஒரு ரிப்போர்ட் வருகிறது. அந்தப் பிள்ளைகளின் தேகத்திலும் பழக்கத்திலும் ஏதாவது மாறியதா என்ற ஒரு கேள்விக்கு மட்டும் அந்த ரிப்போர்ட்டில் பதில் இருப்பதில்லை.

இப்போது அமலில் உள்ள ஏற்பாட்டையே எடுத்துக் கொள்வோம். 2020-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் இந்திய சர்க்காரின் சுகாதார இலாகாவும் கல்வி இலாகாவும் சேர்ந்து, ஆயுஷ்மான் பாரத் என்னும் பெருந்திட்டத்தின் ஓர் அங்கமாகப் பள்ளி ஆரோக்கியத் திட்டத்தை வெளியிட்டன. ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு உபாத்தியாயர்கள், கூடியவரையில் ஆண் ஒருவரும் பெண் ஒருவருமாக, 'ஆரோக்கியத் தூதர்'களாக இருக்க வேண்டும். அவர்கள் வாரத்துக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்த வேண்டும். வகுப்புத் தலைவர்களான மாணவர்கள் அவர்களுக்குத் துணை நிற்க வேண்டும். செவ்வாய்க்கிழமையை ஆரோக்கிய தினமாக அனுஷ்டிக்கலாம். பாடத் தலைப்புகள் பதினொன்று. உணவும் சுத்தமும், மனநலம், ஆண் பெண் சமத்துவம், போதைப் பழக்கத்தைத் தடுத்தல், பருவகால மாறுதல்கள், எச்.ஐ.வி. தடுப்பு, இணையத்தைப் பத்திரமாகப் பயன்படுத்துதல் முதலியன அவற்றில் அடங்கும். 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று பெயரிடப்பட்டவற்றில் முதலில் தொடங்குவதென்று தீர்மானமாயிற்று. தமிழ்நாட்டில் விருதுநகரும் ராமநாதபுரமும் அத்தகைய ஜில்லாக்கள். வருசநாட்டு மலையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் விருதுநகர் ஜில்லா.

தலைப்புகளைப் பற்றி நமக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை. இவற்றில் ஒன்றையாவது வேண்டாம் என்று சொல்லத் துணிபவன் பிள்ளைகளுக்கு நண்பன் அல்லன். 2005-ல் வளரிளம் பருவக் கல்வி என்று ஒரு திட்டம் வந்தபோது, சில ராஜ்யங்களில் பெரியோர்கள் சிலர் பண்பாடு கெட்டுவிடும் என்று கூக்குரலிட்டு அதைத் தடுத்து நிறுத்தியது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து நாம் பேசவில்லை. போதனை பலிக்க வேண்டும் என்று விரும்புகிறவர்களே அது பலிக்கிறதா என்று பார்க்கவும் கடமைப்பட்டவர்கள் என்ற முறையிலேயே பேசுகிறோம்.

பள்ளிச் சுகாதாரம் நமக்குப் புதிதன்று. 1909-ல் பரோடா நகரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதன்முதலாக வைத்திய பரிசோதனை நடந்தது. 1946-ல் போர் கமிட்டி, இந்தியாவில் பள்ளிச் சுகாதார சேவை ஏறக்குறைய இல்லையென்றே எழுதி வைத்தது. 1960-ல் ஸ்ரீமதி ரேணுகா ராய் தலைமையில் அதற்கென்றே ஒரு கமிட்டி அமைந்து, மறு வருஷமே அறிக்கையும் தந்தது. அப்பால் வந்த திட்டங்களை வரிசையாகச் சொன்னால் வாசகர்களுக்கு அலுப்புத் தட்டும். ஒவ்வொரு புதிய திட்டமும் பழைய திட்டம் ஏன் போதவில்லை என்பதை ஆராயாமலே பிறந்திருக்கிறது என்பதுதான் இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது.

போதித்தால் போதும், பழக்கம் தானே வந்துவிடும் என்று நம்புவோர் பலர். அவர்கள் சில திருஷ்டாந்தங்களைக் கேட்க வேண்டும்.

ஆப்பிரிக்காவில் கென்யா தேசத்து பூசியா ஜில்லாவில் 75 பள்ளிகளைக் கொண்டு 1998 முதல் ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. குடற்புழுவுக்கு மருந்து கொடுத்ததோடு, பள்ளிக்கு ஓர் உபாத்தியாயரைப் பழக்கி, சுவர்ப் படங்கள் மாட்டி, கை கழுவுவது, செருப்பு அணிவது, நோய்க் கிருமி உள்ள நீர்நிலைகளில் இறங்காதிருப்பது ஆகியவற்றைப் பிள்ளைகளுக்கு உபதேசித்தார்கள். மருந்தினால் புழு குறைந்தது. உபதேசத்தினால் என்ன நேர்ந்தது என்று பிள்ளைகளின் கைகளையும் கால்களையும் நேரில் பார்த்துக் குறித்தபோது, குறிப்பிடத்தக்க மாறுதல் எதுவும் தென்படவில்லை. இந்த ஆராய்ச்சியை நடத்திய இருவரில் ஒருவரான மைக்கேல் கிரெமருக்கு 2019-ல் நோபெல் பரிசு கிடைத்தது. மருந்தின் நீண்டகாலப் பலன் குறித்துப் பண்டிதர்களுக்குள் பின்னர் பெரும் விவாதம் எழுந்ததுண்டு. அது வேறு வழக்கு.

இதைக் கேட்டு, போதனை வீண் என்று தீர்ப்பெழுதி விடுவதும் தவறு. சீனத்தில் ஹூனான் மாகாணத்து லின்சியாங் பகுதியில் 38 பள்ளிகளில் நடந்த பரிசோதனையின் முடிவு 2013-ல் வெளியாயிற்று. அங்கே ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளுக்கு முதலில் எல்லோருக்கும் பூச்சி மருந்து கொடுத்துவிட்டு, பாதிப் பள்ளிகளில் மட்டும் பன்னிரண்டு நிமிஷம் ஓடும் ஒரு சித்திரப் படத்தைக் காட்டி, அதையொட்டிப் பேச வைத்தார்கள். அந்த வருஷ முடிவில் படம் பாராத பள்ளிகளில் நூற்றுக்கு 8.4 பிள்ளைகளுக்குப் புழு தொற்றியிருந்தது. படம் பார்த்த பள்ளிகளில் 4.1. கழிப்பறைக்குப் போய் வந்தபின் கை கழுவியவர்கள் முன்னதில் நூற்றுக்கு 54, பின்னதில் 99. பன்னிரண்டு நிமிஷப் படத்திற்கு இத்தனை சக்தி எங்கிருந்து வந்தது? படம் எடுப்பதற்கு முன்னரே அந்தப் பிரதேசத்துப் பிள்ளைகள் என்ன அறிவார்கள், என்ன செய்கிறார்கள், எங்கே தவறுகிறார்கள் என்று பொறுமையாக விசாரித்து, அதற்குத் தக்கபடி கதையை அமைத்தார்கள். ராஜதானியில் அச்சான ஒரே கைநூலைத் தேசமெங்கும் அனுப்புகிற முறைக்கும் இதற்கும் உள்ள தூரத்தை வாசகர்களே அளந்து கொள்ளலாம்.

அயல் தேசத்துக் கதை வேண்டாமென்றால், நமக்குப் பக்கத்திலுள்ள சித்தூர் ஜில்லாவைப் பார்ப்போம். அங்கே 14 கிராமங்களில் நடந்து, 2014-ல் முடிவு வெளியான ஒரு முயற்சியில், கிருமி, நோய், வயிற்றுப்போக்கு என்ற பயமுறுத்தல் எதுவும் இல்லை. ஒரு தாயைக் கதாநாயகியாக வைத்து, அருவருப்பு, பிள்ளைப் பாசம், ஊரில் மதிப்பு என்ற மூன்று உணர்ச்சிகளைத் தொட்டே சோப்பிட்டுக் கை கழுவும் வழக்கத்தைப் பரப்பினார்கள். ஆறு மாதம் சென்றபின் முயற்சி நடந்த கிராமங்களில் கை கழுவ வேண்டிய சமயங்களில் நூற்றுக்கு 37 முறை கழுவினார்கள். நடக்காத கிராமங்களில் 6 முறை. இதைக் கண்டது எப்படியெனில், வீட்டு முற்றத்தில் ஆட்கள் உட்கார்ந்து கண்ணால் பார்த்து எழுதினார்கள். 'கை கழுவுகிறீர்களா?' என்று கேட்டிருந்தால் அத்தனை பேரும் 'கழுவுகிறோம்' என்றே சொல்லியிருப்பார்கள். முயற்சி தொடங்கு முன்னரே முழு வெற்றி என்று ரிப்போர்ட் எழுதி முடித்திருக்கலாம்.

நமது சென்னை நகரமும் இவ்வகையில் ஒரு நல்ல சாட்சி சொல்கிறது. சென்னையிலும் டில்லியிலுமாக 32 பள்ளிகளில், ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களிடையே, 2004 முதல் 2006 வரை புகையிலைத் தடுப்புப் போதனை ஒன்று நடந்தது. மாணவர்களிலேயே சிலரைத் தலைவர்களாகப் பழக்கி, அவர்களைக் கொண்டே நடத்தினார்கள். இரண்டு வருஷத்தில், போதனை நடவாத பள்ளிகளில் புகையிலைப் பழக்கம் நூற்றுக்கு 68 பங்கு ஏறியது. நடந்த பள்ளிகளில் 17 பங்கு இறங்கியது. இவ்வளவு தெளிவான முடிவு நம் கையிலிருந்தும், 2024-ல் சென்னை ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளை, உதட்டுக்கடியில் ஒதுக்கும் புகையிலைப் பொட்டலங்கள் பள்ளிப் பிள்ளைகளிடையே பரவுவதைக் குறித்துக் கவலை தெரிவிக்க நேர்ந்தது. பலித்ததென்று ருஜுவான முறை ஒரு பக்கம் காகிதத்தில் கிடக்கிறது. ருஜுவாகாத முறைகளுக்கு மறு பக்கம் விழா நடக்கிறது.

எல்லாவற்றையும்விட நமது சர்க்கார் கருத்தூன்றிப் படிக்க வேண்டியது பீகாரில் நாலந்தா ஜில்லாவில் நடந்த பரிசோதனை. 2018-ல் அதன் முதல் முடிவு பிரசுரமாயிற்று. சுமார் 75 ஹைஸ்கூல்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் வழக்கமான சர்க்கார் பாடம் மட்டும். இரண்டாவது பிரிவில் அதோடு, பள்ளி முழுவதையும் தழுவிய ஆரோக்கிய வேலையை ஓர் உபாத்தியாயரிடம் ஒப்படைத்தார்கள். மூன்றாவது பிரிவில் அதே வேலையை, அதற்கென்றே பயிற்சி கொடுத்து நியமித்த ஓர் ஊழியரிடம் ஒப்படைத்தார்கள். அவர் வைத்தியருமல்லர், உபாத்தியாயருமல்லர். வேலை ஒன்றே, செய்தவர் மட்டும் வேறு. முடிவு என்ன? தனி ஊழியர் இருந்த பள்ளிகளில் பிள்ளைகளின் மனச்சோர்வும், ஒருவரையொருவர் துன்புறுத்துவதும், அடிதடியும் குறைந்தன. பள்ளியின் சூழ்நிலையே மாறியது. உபாத்தியாயரிடம் ஒப்படைத்த பள்ளிகளில் வழக்கமான பள்ளிகளைக் காட்டிலும் யாதொரு மேன்மையும் காணவில்லை. பின்னர் 2020-ல் வெளியான இரண்டாவது வருஷ முடிவும் இதை உறுதிப்படுத்தியது.

2020-ம் வருஷத்துத் திட்டம் யாரிடம் வேலையை ஒப்படைத்தது? இரண்டு உபாத்தியாயர்களிடம்! இரண்டு வருஷத்துக்கு முன்னரே நமது தேசத்திலேயே, நமது பள்ளிகளிலேயே பலிக்கவில்லை என்று கண்ட வழியை, தேசமெங்கும் ராஜபாட்டையாக்கினார்கள்.

இதில் உபாத்தியாயர்களின் மேல் குற்றமில்லை. அவர்களுடைய நிலைமையை அறிந்தவர்கள் இந்த முடிவைக் கண்டு வியப்படையவும் மாட்டார்கள். தமிழ்நாட்டு உபாத்தியாயர் பாடம் நடத்துகிற நேரம் போக, 'எமிஸ்' என்னும் கணினிப் பதிவேட்டில் வருகையிலிருந்து நலத்திட்டப் பொருள்கள் வரை பதிவு செய்கிறார், தேர்தல் வேலைக்குப் போகிறார், கணக்கெடுப்புக்குப் போகிறார். அவரிடமே ஆரோக்கிய போதனையையும் கொடுத்து, அது நடந்ததா என்று பதியும் வேலையையும் அவரிடமே கொடுத்தால், அவர் பதிவை மட்டும் ஒழுங்காகச் செய்வார். வாதியே சாட்சியாகவும், சாட்சியே நீதிபதியாகவும் உட்காரும் கோர்ட்டை நாம் எங்கும் கண்டதில்லை.

இனி வருசநாட்டுக்கு வருவோம்.

தேனி ஜில்லா ஆண்டிபட்டித் தாலூகாவில் கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை வழியாகத் தெற்கே போகிற சாலையின் கடைசியில் இருக்கிறது வருசநாடு. கம்பம் பள்ளத்தாக்கு என்றவுடன் வெளியூரார் கண்முன் நிற்பது திராட்சைத் தோட்டமும் இருபோக வயலும். அந்தச் செழிப்பு 1895-ல் கட்டி முடிந்த பெரியாற்று அணையின் நீரால் வந்தது. வருசநாட்டுப் பள்ளத்தாக்குக்கு அந்த நீரில் பங்கில்லை. அதற்கு மூல வைகை ஒன்றே கதி; அதுவோ மழையுள்ளபோது ஓடி, கோடையில் மணலாகக் கிடக்கும். மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் நீர் தரும் வைகை பிறக்கிற மலையடியில் உள்ளவர்களே கோடையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். இலவம்பஞ்சும் முந்திரியும் ஜீவனம். தேனி ஜில்லாவின் ஏழைக் குடும்பங்களிலிருந்து கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பலர். மலைமேலுள்ள அரசரடி, வெள்ளிமலை முதலிய இடங்களிலிருந்து கீழே வருவதே ஒரு பிரயாணம். 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அமைந்தபின், எப்போது வெளியேற்றுவார்களோ என்ற அச்சமும் மலைவாசிகளோடு சேர்ந்து குடியிருக்கிறது.

இத்தகைய இடத்தில் ஆரோக்கிய போதனை பலித்தால் எங்கும் பலிக்கும். ஆகவேதான் பரீக்ஷை இங்கே நடக்க வேண்டும் என்கிறோம். நகரத்தில் நல்ல கட்டிடமும் குழாயும் உள்ள பள்ளியைக் காட்டி, திட்டம் ஜயம் என்று பறைசாற்றுவது எளிது.

இங்கே நடக்கும் பரீக்ஷையில் பிள்ளைகளைக் கேள்வி கேட்டு மார்க்குப் போட வேண்டாம். 'சாப்பிடுமுன் என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்டால் மூன்றாம் வகுப்புக் குழந்தை 'கை கழுவ வேண்டும்' என்று பாடமாக ஒப்பிக்கும். மதிய உணவு மணியடித்த வேளையில் போய்ப் பார்க்கட்டும். மாசி பங்குனியில் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா? சோப்பு இருக்கிறதா, அல்லது பரிசோதகர் வரும் நாளில் மட்டும் பீரோவிலிருந்து வெளிவருகிறதா? பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? மாத விலக்கு நாட்களில் அவர்கள் பள்ளிக்கு வருகிறார்களா? 2012-ல் புதுயுகம் என்ற பெயரில் கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கு அணையாடை வழங்கத் தொடங்கியது தமிழ்நாட்டு சர்க்காருக்குப் பெருமை தரும் காரியம். அந்த அணையாடையை மாற்றவும் அப்புறப்படுத்தவும் பள்ளியில் இடமுண்டா என்பது அதே அளவு முக்கியமான கேள்வி.

இப்படி நேரில் பார்ப்பதன் அருமையை ஒருமுறை கணக்குத் தணிக்கைத் தலைவரின் ஆட்களே காட்டியிருக்கிறார்கள். மத்திய சர்க்கார் கம்பெனிகள் பள்ளிகளில் கட்டிய லக்ஷத்துக்கு மேற்பட்ட கழிப்பறைகளைப் பற்றி எல்லாம் முடிந்ததென்று கணக்கு வந்திருந்தது. தணிக்கையாளர்கள் 15 ராஜ்யங்களில் 2,695 கழிப்பறைகளை நேரில் போய்ப் பார்த்தார்கள். 2020 செப்டம்பரில் பார்லிமெண்டில் வைத்த அவர்களுடைய ரிப்போர்ட்டின்படி, கட்டப்பட்டிருந்தவற்றில் நூற்றுக்கு 72-ல் உள்ளே தண்ணீர் வசதி இல்லை. 55-ல் கை கழுவ வசதி இல்லை. குழாய் இல்லாத பள்ளியில் கை கழுவும் பாடம் நடத்துவது பட்டினி கிடப்பவனுக்குச் சமையல் சாஸ்திரம் சொல்வது போலாகும்.

இதை நமக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே காட்டியவர் காந்தியடிகள். 1917-ல் சம்பாரண் ஜில்லாவில் அவர் கிராமப் பள்ளிகளைத் தொடங்கியபோது, எழுத்தோடு சுத்தத்தையும் சேர்த்தே போதிக்க ஏற்பாடு செய்தார். ஆமணக்கெண்ணெய், கொயினா, கந்தகக் களிம்பு ஆகிய மூன்றே மருந்துகள். பீத்திஹர்வா கிராமத்தின் பக்கத்தில் சில ஸ்திரீகள் மிகவும் அழுக்கான ஆடை உடுத்தியிருக்கக் கண்டு, அவர்கள் ஏன் துவைத்து உடுத்துவதில்லை என்று கேட்டு வரும்படி கஸ்தூரிபா அம்மையாரை அனுப்பினார். ஒருத்தி அம்மையாரைத் தன் குடிசைக்குள் அழைத்துப் போய்க் காட்டினாள். உள்ளே மாற்றுத் துணி வைக்கப் பெட்டியுமில்லை, வைப்பதற்குத் துணியுமில்லை. உடுத்தியிருந்தது ஒன்றே சேலை. அதை எப்படித் துவைத்து உலர்த்துவது? மற்றொரு சேலை வாங்கித் தரச் சொல்லுங்கள், தினமும் குளித்துச் சுத்தமாக உடுத்துகிறேன் என்றாள் அவள். காந்தியடிகள் இதைத் தமது சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார். சுகாதார போதனையைப் பற்றி நமது தேசத்தில் நடந்த பரிசீலனைகளில் இதற்கு இணையான இன்னொன்றை நாம் அறியோம். எத்தனை பேருக்குப் போதித்தோம் என்று எண்ணியிருந்தால் அந்தக் குடிசைக்குள் யாரும் நுழைந்திருக்க மாட்டார்கள்.

இரத்த சோகை விஷயமும் இதே மாதிரியானது. 2019–21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்த சோகை. அதற்கு முந்தைய 2015–16 கணக்கில் 55. இடையில் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் வியாழக்கிழமை தோறும் இரும்புச் சத்து மாத்திரை வழங்கப்பட்டு வந்திருக்கிறது. கணக்கெடுத்த பெண்களில் பள்ளிப் பெண்கள் ஒரு பகுதியே என்பதை நாமும் அறிவோம். ஆகையால் மாத்திரையே பயனற்றது என்று இதிலிருந்து முடிவு கட்டவில்லை. மாத்திரை கொடுக்கப்பட்டதென்று எழுதுகிறோம். விழுங்கப்பட்டதா, வேலிக்கு அப்பால் வீசப்பட்டதா என்று பார்ப்பதில்லை. வெறுங்காலோடு நடக்கும் பிள்ளையின் பாதத் தோலைத் துளைத்து நுழையும் கொக்கிப்புழு குடலில் அமர்ந்து இரத்தத்தை உறிஞ்சிக் கொண்டிருக்கையில், மாத்திரை மட்டும் எவ்வளவு ஈடு கொடுக்கும்?

மாத்திரையைக் கையில் கொடுத்து, மாத்திரை இன்னதென்று சொல்லிக் கொடாததன் விபரீதத்தையும் நமது ராஜ்யம் கண்டுவிட்டது. 2023-ம் வருஷம் மார்ச் மாதம் உதகமண்டலத்தில் ஒரு பள்ளியில் பிள்ளைகள் பந்தயம் போட்டுக்கொண்டு இந்த மாத்திரைகளை அளவுமீறி விழுங்கினார்கள். ஒரு சிறுமி உயிரிழந்தாள். இரும்புச் சத்து அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும் விஷம் என்பது அந்தக் குழந்தைகளுக்குத் தெரியவில்லை. மாத்திரை விநியோகக் கணக்கில் மட்டும் அவை 'வழங்கப்பட்டவை' என்றே ஏறியிருக்கும். அதிகாரிகள் அப்போது மாத்திரைகளைப் பத்திரப்படுத்துவது பற்றிப் பேசினார்கள். பிள்ளைகளின் அறிவைப் பற்றிப் பேசியவர் சிலரே.

போதனையை முக்கிய ஆயுதமாகக் கொண்டு ஒரு நோயை ஒழித்துக் கட்டிய பெருமையும் நமக்கு உண்டென்பதை இங்கே சொல்ல வேண்டும். நரம்புச்சிலந்தி நோய்க்கு மருந்துமில்லை, தடுப்பூசியுமில்லை. குடிநீரைத் துணியில் வடிகட்ட வேண்டும், புண்ணுள்ள காலோடு குளத்தில் இறங்கக்கூடாது, இறங்கு கிணறுகளைத் திருத்த வேண்டும், இவையே முக்கியமான வைத்தியம். தமிழ்நாடு 1980-களிலேயே, மற்ற ராஜ்யங்களுக்கு முன்னதாக, அதிலிருந்து விடுபட்டது. தேசம் முழுவதிலும் கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானத்தில் காணப்பட்டார். 2000-ல் உலக சுகாதார ஸ்தாபனம் இந்தியாவுக்கு அத்தாட்சி கொடுத்தது. அந்த இயக்கத்தில் எத்தனை பிரசங்கம் நடந்ததென்று யாரும் எண்ணிக் கொண்டிருக்கவில்லை. வீடு வீடாகப் போய் நோயாளிகளைத் தேடினார்கள். நோயாளியின் எண்ணிக்கை பூஜ்யமாகும் வரையில் தேடினார்கள்.

வருசநாட்டில் செய்யவேண்டியதும் இதுவே. கடமலை–மயிலை ஒன்றியத்துப் பள்ளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, இவ்வருஷம் ஒரு பாதியிலும் மறு வருஷம் மற்றப் பாதியிலுமாகப் புதிய முறையைத் தொடங்கலாம். தொடங்குவதற்கு முன்னும் வருஷ முடிவிலும் இரு பாதிகளிலும் தண்ணீர், சோப்பு, கை, கால், இரத்தத்தின் அளவு, புகையிலைப் பழக்கம் ஆகியவற்றைப் பார்த்துக் குறிக்கலாம். பிள்ளைகளைச் சோதனைப் பொருளாக்குவதா என்று சிலர் கேட்கக் கூடும். எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே நாளில் செய்துவிட சர்க்காரிடம் ஆளுமில்லை, பணமுமில்லை. எப்படியும் சில பள்ளிகள் முந்தும், சில பிந்தும். சிபாரிசுக்குத் தக்கபடி முந்துவதற்குப் பதிலாகச் சீட்டுக்குத் தக்கபடி முந்தட்டும் என்கிறோம். பரீக்ஷை செய்யாமல் லக்ஷக்கணக்கான பிள்ளைகள்மீது ஒரு முறையைச் சுமத்துவதுதான் உண்மையில் பெரிய சோதனை. அதன் முடிவு மட்டும் யாருக்கும் தெரிவதில்லை.

முதல் பாதிப் பள்ளிகளில் நாலந்தாவின் வழியைப் பின்பற்றி, இரண்டு மூன்று பள்ளிகளுக்கு ஒருவராகத் தனி ஊழியரை நியமிக்க வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கிலேயே படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் பெண்களுக்கு இதைக் கொடுக்கலாம். அவர்களுக்கு ஊரின் பாஷை தெரியும். எந்த வீட்டில் அம்மா ஏலத் தோட்டத்துக்குப் போய்விட்டாள், எந்தப் பிள்ளை காலையில் வெறும் வயிற்றோடு வருகிறது என்பதும் தெரியும். செலவாகுமே என்பார்கள். 1956-ல் காமராஜர் மதிய உணவு போட்டபோதும் இதையே சொன்னார்கள், 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தபோதும் சொன்னார்கள். 2022-ல் காலைச் சிற்றுண்டி மதுரையில் தொடங்கியது. பிள்ளைகளின் வயிற்றுக்குச் செலவிட்டுத் தமிழ்நாடு ஏழையாகிவிடவில்லை.

அளக்கும் வேலையைக் கல்வி இலாகாவிடம் விடக்கூடாது. இதற்கு வெளியூரிலிருந்து நிபுணர்களை வரவழைக்க வேண்டியதுமில்லை. 2004-ல் திறந்த தேனி சர்க்கார் மருத்துவக் கல்லூரி இருப்பது க.விலக்கில், அதாவது கண்டமனூர் விலக்கில். வருசநாட்டுச் சாலை பிரிகிற இடமே அது. அங்கே சமுதாய மருத்துவம் பயிலும் மாணவர்கள் இருக்கிறார்கள். திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தில், 1964-லிருந்து கிராம சுகாதாரத்தையும் சுகாதார போதனையையும் ஆராய்ந்து வரும் ஸ்தாபனம் இருக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்தால் போதும்.

இன்னுமொரு கணக்கையும் அவர்கள் எடுக்க வேண்டும். 2013 முதல் சர்க்காரின் சிறார் நலப் பரிசோதனைக் குழு வண்டியில் பள்ளிகளுக்கு வருகிறது. கண், காது, பல், இருதயம் எல்லாம் பார்த்து, குறையுள்ள பிள்ளைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டெழுதிக் கொடுக்கிறது. நல்ல ஏற்பாடு. சீட்டுப் பெற்ற பிள்ளைகளில் எத்தனை பேர் உண்மையில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்? அரசரடியிலிருந்து ஒரு தகப்பன் பிள்ளையை அழைத்துக்கொண்டு க.விலக்குக்கு வருவதென்றால், மலையிறங்கி பஸ் பிடித்து வர வேண்டும். அன்றையக் கூலி போயிற்று. மறுபடி வா என்றால் இன்னொரு நாள் கூலியும் போயிற்று. மூக்குக் கண்ணாடி இல்லாமல் கரும்பலகை தெரியாத பிள்ளையை மந்தமென்று கடைசிப் பெஞ்சியில் உட்கார வைத்து, அது எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டால், சீட்டெழுதிய கணக்கு யாருக்கு உதவும்?

காங்கிரஸ்காரர், திராவிடக் கட்சியினர், இடதுசாரிகள் என்று எத்தனையோ பேர் இப்பத்திரிகையைப் படிக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவின்படி ஒவ்வொரு சர்க்கார் பள்ளிக்கும் ஒரு மேலாண்மைக் குழு உண்டு. அதில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோர்களாகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பள்ளியின் நடப்பைக் கண்காணிப்பது அக்குழுவின் சட்டபூர்வமான அதிகாரம். அதிகாரிகள் தயவு செய்து காட்டுகிற சலுகையாக அதை எண்ணிப் பலர் சும்மா இருக்கிறார்கள். அதே சட்டத்தின் அட்டவணை, பள்ளிக் கட்டிடத்தில் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறையும், எல்லாப் பிள்ளைகளுக்கும் குடிநீரும் இருந்தே தீர வேண்டும் என்கிறது. இதைக் கேட்பதற்கு மனுவும் வேண்டாம், மாலையும் வேண்டாம்.

தமிழ்நாட்டில் கிராம சபை 2022 முதல் வருஷத்துக்கு ஆறு முறை கூட வேண்டியதாயிருக்கிறது. மார்ச்சு 22-ல் கூடும் சபை உலகத் தண்ணீர் தினத்தை ஒட்டியது. வருசநாட்டில் ஆறு மணலாகத் தொடங்கும் காலமும் அதுவே. அந்தச் சபையில் ஒவ்வொரு ஊரிலும் ஓர் அன்பர் எழுந்து, நமது பள்ளியில் இன்று தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, சென்ற வருஷம் சீட்டெழுதிய பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் சிகிச்சை பெற்றவர் எத்தனை பேர் என்று கேட்டு, வரும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்யட்டும். பதில் வராவிட்டால், வரவில்லை என்று எழுதச் செய்யட்டும். அந்தப் பக்கங்களை நமக்கு அனுப்பி வைத்தால் ஊர் ஊராக வெளியிட இடம் ஒதுக்கித் தருகிறோம்.